உறையின் பின்பக்கத்தில் எழுதித் தந்தவருக்கும், மற்ற எல்லோருக்கும்

வணக்கம்.

நம் ஐரிஷ் மரக்குழல் தொகுப்பு சிடியின் பதினெட்டு டிராக்கும் நேற்றிரவு பிரதி எடுக்கப் போய்விட்டன. அதைச் சாத்தியமாக்கியவர்களே நீங்கள்தான்.

முதல் நன்றி அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்துத் தெற்கே இருக்கும் ஓய்வுபெற்ற தபால்கார அம்மாவுக்கு. பெயர் போடக் கூடாது என்றிருக்கிறார், போடவில்லை.

"ஃப்ளூட் வாசிப்பவர் வேண்டும்" என்று அயர்லாந்தில் கேட்டால் வெள்ளிக் குழல் ஆர்க்கெஸ்ட்ராக்காரர் வருவார், வடக்கே ஊர்வல பாண்டுக்காரர் வருவார். ஆறு துளை மரக்குழல்காரர் கடைசியில்தான் வருவார், அதுவும் வந்தால். மரக்குழலில் பேர்பெற்ற ஜான் மெக்கென்னா 1920களில் நியூயார்க்கில் பதித்த தட்டுகளும், அதே குழலில் மாட் மொலாயின் வாசிப்பும் எல்லார் கைக்கும் எட்டுபவை. இந்தத் தொகுப்புக்கு வேண்டியிருந்தது தட்டே போடாத அவர்களுடைய பக்கத்து ஊர்க்காரர்கள். 2015இல் எயர்கோட் என்ற அஞ்சல் குறியீடு வரும்வரை அயர்லாந்துக் கிராமத்து வீடுகளுக்குத் தனிக் குறியீடு கிடையாது. எந்த வீட்டில் யார் என்பது தபால்காரர் தலைக்குள்தான் இருந்தது.

கரண்ட் பில் வந்த உறையைக் கிழித்து விரித்து, பதினொரு பெயர் எழுதித் தந்தார் அந்த அம்மா. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி. "பால் கறந்து, ஆறு மணிச் செய்தி ஓய்ந்தபின் கூப்பிடு." "பல்செட் புதுசு, மேல் சுரம் இன்னும் பிடிபடவில்லை, மே மாதம் கேள்." "லண்டன் பழங்குழல், 440க்கு நிற்காது, அக்கார்டியனோடு சேர்க்காதே." 440 என்பது இன்றைய பொதுச் சுருதி. இந்தக் கடைசி வரி மட்டும் ஒரு நாள் ஸ்டூடியோ வாடகையை மிச்சப்படுத்தியது.

ஒரு பெயருக்குக் கீழே இரண்டு வாரத் தேதிகள். குழல் எட்டு மாதமாகப் பெட்டியில் கிடந்ததாம். அப்படிக் கிடந்தால் மரம் உலர்ந்து சுருங்கும், இணைப்பில் சுற்றிய நூல் தளர்ந்து காற்று கசியும், முதலில் போவது அடி 'டி' சுரம். அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஊதினால் உட்புறம் மட்டும் ஈரத்தில் உப்பி, வெளிப்புறம் காய்ந்தபடியே இருந்து, மரம் வெடிக்கும். நாளுக்குப் பத்து நிமிடம் என்று தொடங்கி எந்தத் தேதியில் பதிவுக்குத் தயார் என்பதுவரை கணக்குப் போட்டிருந்தார். அவர் குழல் ஊதுபவர் அல்ல. வாசலில் கடிதம் கொடுக்க நின்ற நேரத்தில் காதில் விழுந்ததுதான் அவ்வளவும்.

உறையின் அடியில் ஒரு எச்சரிக்கை: "பதிவு செய்யலாமா என்று கேட்காதே, இப்போதெல்லாம் வாசிப்பதில்லை என்பார்கள். அந்த ரீலை யாரிடமிருந்து பிடித்தீர்கள் என்று கேள்." ரீல் என்பது அங்கே ஒரு வகை நடன மெட்டு. கேட்டோம். பதினொருவரில் ஒன்பது பேர் பதிலை வாயால் சொல்லாமல் குழலை எடுத்தார்கள்.

மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். உறுமல் மைக்கில் ஏறாதிருக்க பியர் கூலரையும், கூடவே ஹீட்டரையும் நிறுத்திய பப் உரிமையாளருக்கு. குளிரில் சுருதி இறங்கியபோது கக்கத்தில் வைத்துக் குழலைச் சூடேற்றும்வரை பொறுத்திருந்த ஒலிப்பதிவாளருக்கு. மூன்று ரீலை மும்மூன்று முறை வாசித்தால் ஐந்து நிமிடம் தாண்டும், 80 நிமிட சிடியில் பதினெட்டு அடங்காது, இரண்டிரண்டு முறை போதும் என்று கணக்குக் காட்டியவருக்கு. பெயர் தெரியாத மெட்டுகளுக்குப் பெயர் தேடித் தந்த டப்ளின் மெரியன் சதுக்கத்து ஐரிஷ் மரபிசை ஆவணக் காப்பகத்தாருக்கு. பணம் அனுப்பிய அத்தனை பேருக்கும். அப்படியும் பெயர் கிடைக்காத நான்கு மெட்டுக்கு மரபுப்படி 'கான் அனிம்', அதாவது 'பெயரில்லை', என்றே அச்சிட்டிருக்கிறோம். ஆனால் யாரிடம் கற்றது என்ற வரி ஒரு டிராக்குக்கும் விடுபடவில்லை, இனி எந்தத் தட்டிலும் விடுபடாது. சிடியில் இடம் பெறாத பதிவுகளும் அதே விவரத்தோடு காப்பகத்துக்குப் போகும்.

அம்மா, முதல் பிரதி தபாலில் வருகிறது. உங்கள் பெயரும் ஊர்ப்பெயரும் மட்டும் எழுதியிருக்கிறோம், எயர்கோட் எழுதவில்லை.