அம்மிணி, ஆர்எக்ஸ் 100-ஐ எடுத்துப்போகும் முன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி இப்போது தேவலை. போன வாரம் பேசும்போது, நம் வீட்டுப் பழைய யமஹா பைக், ஆர்எக்ஸ் 100-ஐப் பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாய். தாராளமாக எடுத்துக்கொண்டு போ, அம்மிணி. கொடுப்பதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆனால் அந்த வண்டியை ஓட்டத் தெரிவது வேறு, வைத்துக்கொள்ளத் தெரிவது வேறு. இரண்டையும் போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

நீ ஓட்டிப் பழகியதெல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றில் இன்ஜின் ஆயில் அடியில் தேங்கி நின்று, நீ கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும் சுற்றிச் சுற்றி வந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். நம் ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் வண்டி, அதில் அப்படி இல்லை. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் இருக்கும் அறைக்குள் நுழைந்து, அங்கிருந்து சிலிண்டருக்குள் ஏறி எரிகிறது. பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் வேண்டிய எண்ணெய் அந்தக் கலவையோடு சேர்ந்தே போய், தன் வேலையை முடித்ததும் தானும் எரிந்து புகையாக வெளியே வந்துவிடுகிறது. ஒருமுறை போன எண்ணெய் திரும்பி வராது. அதனால் அடுத்த நொடிக்கான எண்ணெய் அடுத்த நொடியில் வந்தே ஆகவேண்டும். நான் கீழே சொல்லப்போகும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

அந்த வண்டிக்கு இவ்வளவு பேர் ஏங்குவதற்கும் இந்த அமைப்புதான் காரணம். 1984-க்கும் 1986-க்கும் இடையில் ஜப்பான் கூட்டுறவோடு நான்கு 100 சிசி வண்டிகள் நம் சாலைக்கு வந்தன: ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி, ஹீரோ ஹோண்டா சிடி 100, எஸ்கார்ட்ஸ் தயாரித்த யமஹா ஆர்எக்ஸ் 100, கவாசாகி பஜாஜ் கேபி 100. அவற்றில் ஹோண்டா மட்டும்தான் ஃபோர் ஸ்ட்ரோக். மைலேஜ் பார்த்தவர்கள் அதை வாங்கினார்கள், மற்றவர்கள் யமஹா ஷோரூம் வாசலில் நின்றார்கள். 98 சிசி இன்ஜினில் 11 குதிரைத்திறன், வண்டியின் எடையோ ஏறக்குறைய 100 கிலோ. இன்று விற்கும் 100 சிசி வண்டிகள் 8 குதிரைத்திறனைச் சுற்றியே நிற்கின்றன. கிராங்க் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒருமுறை எரிப்பு நடக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். திறக்கவும் மூடவும் வால்வுகள் இல்லை, அவற்றை இயக்கும் கேம் இல்லை, அந்த எடையும் இல்லை. இதைப் பந்தய வண்டி என்று யாரும் விற்கவில்லை என்றாலும், வாங்கியவர்கள் அப்படித்தான் ஓட்டினார்கள்.

முதல்நாள் நீ ஏமாந்துபோகக்கூடிய இடம் ஒன்று உண்டு. குறைந்த வேகத்தில் அது சாதுவாகப் போகும். ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கியதும், இன்ஜினின் சத்தம் மாறும் ஓர் இடத்தில், யாரோ பின்னாலிருந்து தள்ளியதைப் போல் இழுக்கும். முழுத் திறனும் நிமிடத்துக்கு 7,500 சுற்றில்தான் வருகிறது என்பதால் மேலே போகப்போக உற்சாகம் கூடும். லாரியை முந்தும்போது இந்த இழுவை வரும் முன்பே வெளியே வந்துவிட்டால் பாதி வழியில் தொங்குவாய்; ஆகையால் ஒரு கியர் குறைத்து, இன்ஜின் பாடத் தொடங்கிய பிறகே வலப்பக்கம் ஏறு. முதல் கியரில் கிளட்சைப் பட்டென்று விட்டால் முன் சக்கரம் எழும்பும். கல்லூரி வாசலில் அதைச் செய்து காட்டியவர்கள் எங்கள் காலத்திலும் இருந்தார்கள். அதில் எனக்கு ஒரு நாளும் மரியாதை வந்ததில்லை.

போகும் திறனுக்கு ஏற்ற நிறுத்தும் திறன் இந்த வண்டியில் இல்லை. முன்னும் பின்னும் டிரம் பிரேக், 18 அங்குல ஒல்லி டயர்கள், ஏபிஎஸ் என்ற பேச்சே கிடையாது. உன் ஸ்கூட்டரில் இரண்டு விரலால் டிஸ்க் பிரேக்கைத் தொட்டு நிறுத்தும் தூரத்தில் இது நிற்காது. மழையில் டிரம்முக்குள் தண்ணீர் போய்விட்டால், ஈரம் காயும்வரை பிரேக் வெறும் பெயருக்குத்தான். அதோடு, ஆக்சிலரேட்டரை விட்டதும் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுக்குமே, அந்தப் பிடிப்பும் இதில் மிகக் குறைவு. முன்னால் போகும் வண்டியிலிருந்து இப்போது எவ்வளவு இடைவெளி விடுகிறாயோ, அதைப்போல் இரண்டு மடங்கு விடு.

இறக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பெங்களூரிலிருந்து வீட்டுக்கு வரும்போது தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் சேலம் பக்கமாக இறங்குவாய். லாரிகள் பிரேக் பிடிக்காமல் ஓடிவந்து மோதும் இடம் என்று அந்த இறக்கம் பெயர் எடுத்திருக்கிறது. அதனால் இடது ஓரத்தில், கண்ணாடியைப் பார்த்தபடி வருவது முதல் காரியம். இரண்டாவது காரியம் இன்ஜினுக்கானது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மூடிக்கொண்டு கியரில் இறங்கினால், சக்கரம் இன்ஜினை வேகமாகச் சுற்றவைக்கும், ஆனால் கலவை உள்ளே போவது நின்றுவிடும். தனி டேங்கிலிருந்து இன்ஜினுக்கு எண்ணெய் அனுப்பும் ஆயில் பம்பும் ஆக்சிலரேட்டர் கேபிளோடு இணைந்தது என்பதால் எண்ணெயும் சொட்டாகச் சுருங்கிவிடும். சூடான பிஸ்டன் காய்ந்த சுவரில் உரசினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே இறங்கும்போது அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரை ஒருமுறை லேசாகத் திறந்து மூடு. ஊட்டிப் பக்கம் போனாலும், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினாலும் இதையே செய்.

இன்ஜின் சீஸ் ஆவதற்கு, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்து நின்றுபோவதற்கு முன்னால் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் ஆகும். ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று மெலியும், சில்லறைக் காசைக் குலுக்கியது போன்ற ஒரு கிலுகிலுப்பு கேட்கும், ஏற்றமே இல்லாத சாலையில் வேகம் தானாகக் குறையும். அந்த நொடியில் கிளட்சைப் பிடித்துவிட்டால் பிழைத்தாய். பிடிக்காவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். நெடுஞ்சாலையில் இடது கையின் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேல் கிடக்கட்டும். அப்படி நின்றுவிட்டால், உடனே கிக்கரை உதைக்காதே. சிலிண்டர் தானாக ஆறட்டும். பிறகு கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பார்த்து, தடங்கல் இல்லாமல் சுற்றினால் மட்டும் ஸ்டார்ட் செய்து, மெதுவாகப் பக்கத்து ஊருக்கு வந்து சேர்.

வண்டி நலமாக இருக்கிறதா என்பதைப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நல்ல ஓட்டம் ஓடி, ஆஃப் செய்து, கொஞ்சம் ஆறியதும் கழற்று. நுனியில் இருக்கும் பீங்கான் காபிப்பொடி நிறத்தில் இருந்தால் நிம்மதியாகத் திருப்பி மாட்டு. கன்னங்கரேலென்று எண்ணெய்ப் பசையோடு இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம் போகிறது என்று பொருள். அது தொல்லைதான், ஆனால் ஆபத்து இல்லை. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால்தான் பயப்படவேண்டும், கலவையில் காற்று கூடி உள்ளே சூடேறுகிறது. ஐடிலிங் தானாக ஏறி, ஆக்சிலரேட்டரை விட்டும் சத்தம் இறங்காமல் நின்றால், இடப்பக்கம், வண்டிக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோவுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீல் கிழிந்து காற்று இழுக்கிறதா என்று பார்க்கச் சொல். வலப்பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி, தெருவையே மறைக்கும் அளவுக்குப் புகை விடும். கியர் பெட்டிக்குள் ஊற்றும் ஆயில் வேறு, பெட்ரோலோடு சேர்ந்து எரியும் 2டி ஆயில் வேறு என்பதை மெக்கானிக் கடையில் இருக்கும் சின்னப் பையன்கள் சில பேர் மறந்துவிடுகிறார்கள். ஊற்றும்போது பக்கத்தில் நில்.

ஆயில் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்துவிடலாம் என்று ஒவ்வொரு மெக்கானிக்கும் உனக்கு யோசனை சொல்வார். பல வண்டிகளில் பம்பு இப்போது இல்லை. நம் வண்டியில் நான் விடாப்பிடியாக வைத்திருக்கிறேன். பம்பு இருந்தால் ஓட்டத்துக்கு ஏற்ப எண்ணெய் போகும், புகையும் குறையும். ஆனால் ஆயில் டேங்கை ஒருநாளும் காலியாகவிடக் கூடாது, காலியாகிக் குழாயில் காற்று புகுந்துவிட்டால் ஊற்றியபின் காற்றை எடுக்காமல் ஓட்டக் கூடாது. டப்பாவில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்று ஜப்பானியத் தரக்குறி போட்டிருக்கும் 2டி ஆயிலையே வாங்கு. எப்போதாவது பம்பு மேல் சந்தேகம் வந்தால், வீடு வந்து சேரும்வரை லிட்டருக்கு 25 மில்லி கணக்கில் டேங்கிலும் கலந்து ஊற்றிக்கொள்.

பெட்ரோல் நாங்கள் ஊற்றிய பெட்ரோலாக இப்போது இல்லை. 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் இளகவைக்கும், கலவையையும் கொஞ்சம் மெலியவைக்கும். குழாய்களை எல்லாம் மாற்றிவிட்டேன். வாரக்கணக்கில் வண்டியை எடுக்காமல் போகப்போகிறாய் என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பதை இறக்கிவிடு.

சைலன்சருக்குள் இருக்கும் உள்குழாயில் எரியாத ஆயில் கரியாகப் படியும். இழுவை மந்தமானால் பெரும்பாலும் அதுதான் காரணம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். அதற்குப் பதிலாக உள்குழாயே இல்லாத சைலன்சரை மாட்டச் சொல்வார்கள், சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் துளையான போர்ட்டை அகலப்படுத்தச் சொல்வார்கள், பெரிய கார்புரேட்டர் போடச் சொல்வார்கள். எதற்கும் இணங்காதே. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் வடிவமும் இன்ஜினின் ஓர் உறுப்பு மாதிரிதான். அதை மாற்றினால் சத்தம் கூடும், கலவைக் கணக்கு கெடும், போலீஸும் நிறுத்தும். போன வருடம்தான் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் மாட்டியிருக்கிறேன். இன்னும் 0.75, 1.00 என்று இரண்டு முறைக்கு அந்தப் பிளாக்கில் இடம் இருக்கிறது. சரியாக ஓட்டினால் உன் காலத்துக்கு அது போதும்.

ஒன்று மட்டும் உன்னிடம் கண்டிப்பாகக் கேட்பேன்: தினம் ஆபீசுக்கு அதில் போகாதே. கலவையில் ஒரு பகுதி எரியாமலேயே சைலன்சர் வழியாக வெளியேறுவது இந்த இன்ஜினின் பிறவிக் குணம். 1991-இல் தொடங்கிப் படிப்படியாக இறுகிய புகை விதிகளின் முன்னால் இந்த வண்டி 1996-இல் நின்றுபோனதும், அதன் தம்பி ஆர்எக்ஸ் 135 பின்னர் நின்றதும் அதனால்தான். எனக்கு அந்த 2டி வாசனை பிடிக்கும். பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையோடு வருகிற அம்மாவுக்குப் பிடிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. சில்க் போர்டு சிக்னலில் அரைமணி நேரம் நின்றால் காற்றடிக்காமல் சிலிண்டர் சூடேறும், பிளக்கிலும் ஆயில் பிடிக்கும். வண்டிக்கும் அது நல்லதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கனகபுரா சாலையிலோ நந்தி மலைப் பக்கமோ எடுத்துப்போ. ஆனால் வெளிச்சம் வந்தபின் கிளம்பு, ஏனென்றால் ஹெட்லைட் மேக்னட்டோவிலிருந்து நேராக எரிகிறது. வேகம் குறைந்தால் வெளிச்சமும் மங்கிவிடும்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1992-இல் பதிவான வண்டி. 15 வருடம் முடிந்தபின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்து வந்திருக்கிறேன், அடுத்தது 2027-இல். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது. புகைச் சான்றிதழை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கவேண்டும். 12 மாதத்துக்கு மேல் கர்நாடகத்திலேயே வைத்திருப்பதாக இருந்தால், இங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி அங்கே மறுபதிவு செய்து வரி கட்டவேண்டும். அப்போது பெயரையும் உன் பெயருக்கே மாற்றிவிடுவோம். திருடர்களுக்கும் இந்த வண்டியின் மேல் தனி ஆசை உண்டு, லட்ச ரூபாய்க்கு மேல் விலை பேசுகிறார்கள். ஹேண்டில் பூட்டை நம்பாமல் சக்கரத்துக்குச் சங்கிலியும் போடு.

வருகிற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வா. முதல் நாள் பிளக் கழற்றவும் ஆயில் குழாயில் காற்று எடுக்கவும் உன் கையாலேயே செய்து பழகு. மறுநாள் அவிநாசி, பெருந்துறை வரை ஓட்டிப் பார். நான் காரில் பின்னால் வருகிறேன். பிளக் ஸ்பேனரும் இரண்டு புதுப் பிளக்குகளும் ஒரு கிளட்ச் கேபிளும் டூல் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஹெல்மெட் மட்டும் நான் வாங்கமாட்டேன். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, தலையில் வைத்து ஆட்டிப் பார்த்து, முகம் முழுதும் மூடுவதாக நீயே வாங்கிக்கொண்டு வா.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா