உப்புவெளி வீட்டுக்கு அனுப்பவேண்டிய அறிவித்தல்

அன்பு மகளுக்கு,

உப்புவெளி வீட்டில் இருக்கிறவர் மூன்று மாத வாடகை தராததோடு மேல் அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கும் விடுகிறார் என்று எழுதியிருந்தாய். பூட்டை மாற்றச் சொல்லி யார் சொன்னாலும் கேளாதே பிள்ளை. தண்ணியையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. பலவந்தமாக வெளியேற்றினால், இரண்டு மாதத்துக்குள் அவர் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதிமன்றம் போகலாம். நீதவான் அவரையே திரும்ப வீட்டில் இருத்தலாம்.

முதலில் குத்தகைப் பத்திரத்தைப் பார். நொத்தாரிஸ் முன் இரண்டு சாட்சிகளோடு எழுதியதா? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு அது வேண்டும். நீங்களாக எழுதிக் கையெழுத்து வைத்த வெறும் தாள் என்றால் அதில் எழுதிய "இரண்டு வருடம்" என்ற காலம் நிற்காது, அது மாதவாடகைதான். அதற்கு முழுக் கலண்டர் மாத அறிவித்தல் வேண்டும். நவம்பர் 30இல் அவர் போகவேண்டுமென்றால், ஒக்டோபர் 31க்குள் கடிதம் அவர் கையில் கிடைக்கவேண்டும். நவம்பர் 3இல் கொடுத்து டிசம்பர் 3இல் போகச் சொன்னால் அறிவித்தலே பிழைத்துவிடும். கனபேர் இடறுகிற இடம் இதுதான்.

நொத்தாரிஸ் உறுதியென்றால் அதன் ரத்து வாசகப்படி நட. குறையைத் தீர்க்கத் தவணை கொடு என்று அதில் இருந்தால், முதற்கடிதம் அந்தத் தவணைக்கு, இரண்டாவதுதான் முடிவுறுத்தலுக்கு. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தில் வீட்டை மீளப்பெறத் தனி வழி இருக்கிறது. உன் உறுதிக்கு அது பொருந்துமா என்று சட்டத்தரணியிடம் கேள்.

"நிபந்தனைகளை மீறிவிட்டீர்கள்" என்று மட்டும் எழுதினால் போதாது. உறுதி இலக்கம், திகதி, வீட்டு வரி இலக்கம், மீறிய வாசகத்தின் இலக்கம், எந்தெந்த மாதம் எவ்வளவு பாக்கி, எந்தத் திகதிகளில் யாருக்கு அறை கொடுத்தார், எல்லாம் வேண்டும். யன்னல் கிராதி துருப்பிடித்ததைச் சேர்க்காதே. அது கடற்காற்றின் வேலை, அவர் மேல் போட்டால் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு குத்தி வை. அவர் வாங்க மறுத்து உறை திரும்பி வந்தால் உடைக்காதே. முத்திரை பதித்த அந்த உறைதான் சாட்சி.

அறிவித்தலுக்குப் பிறகு அவர் வங்கியில் காசு போட்டால் "வாடகை" என்று பற்றுச்சீட்டு எழுதாதே. அறிவித்தலைக் கைவிட்டாய் என்று வாதிடுவார்கள். "உரிமைகளுக்குப் பாதகமின்றி, குடியிருப்பு நட்டஈடாக" என்றே எழுது. முற்பணத்தையும் இப்போதே பாக்கிக்குக் கழிக்காதே. வீடு கைக்கு வரும் நாளில் கரண்ட் பில்லுக்கும் உடைந்ததுக்கும் அது வேண்டும்.

உறுதியின் எல்லாப் பக்கங்களையும், கடைசி அட்டவணையையும் சேர்த்து, படமெடுத்து அனுப்பு. அற்றோர்னித் தத்துவத்தின், அதாவது ஒருவருக்காக இன்னொருவர் நடக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தின், பிரதியும் வேண்டும்.

அம்மா
திருகோணமலை