அச்சுப் பிழைக் காசும் அரம் பட்ட காசும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் அபூர்வ நாணயங்கள் பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். பிழையோடு அச்சான காசு என்ன விலைக்குப் போகும் என்று விரிவாகப் போட்டிருந்தீர்கள். அந்தப் பிழை நாணயச் சாலையில் நேர்ந்ததா, யாராவது பட்டறையில் உட்கார்ந்து செய்ததா என்று எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். முப்பத்தோரு வருடம் பிரஸ் டூல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன் நான். காசு சேர்ப்பது அப்புறம் வந்த ஆசை.

எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகும் பையன் ஒருவன் போன மாதம் ஒரு ஐந்து ரூபாயைக் கொண்டுவந்தான். தடிமனான பழைய செப்பு நிக்கல் காசு. முழுசாக இருந்தால் 9 கிராம் எடை. ஓரத்தில் பிறை போல ஒரு கடி. வாட்ஸ்அப் குழுவில் யாரிடமோ 2,500 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறான். "தாத்தா, இது மின்ட் எரர், நல்லா பாருங்க" என்றான். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

இந்தக் கடி நிஜமாகவே விழுவது உண்டு. நாணயச் சாலையில் உலோகப் பட்டை நகர்ந்துகொண்டே போக, மேலிருந்து பஞ்ச் இறங்கி வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டும். பட்டை போதிய தூரம் நகராவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையையும் சேர்த்துப் பஞ்ச் இறங்கிவிடும். அந்த வில்லை பிறை அளவு குறைந்து வரும். அதற்குப் பிறகுதான் வில்லையை நெருக்கி உருட்டி ஓரத்தை எழுப்புவார்கள். ஒரு பக்கம் கடிபட்டிருந்தால் நெருக்குவதற்குப் பிடிமானம் கிடைக்காது. ஆகவே கடிக்கு நேர் எதிர்ப்புறத்திலும் ஓரம் பெரும்பாலும் மெலிந்து கிடக்கும். கடைசியாக அச்சில் அடிக்கும்போது, கடியை ஒட்டிய எழுத்துகள் அந்தக் காலி இடத்தை நோக்கி வழிந்து மங்கும்.

பையனின் காசை லென்ஸில் பார்த்தேன். எதிர்ப்புறத்து ஓரம் குறைவில்லாமல் தடிமனாக எழும்பியிருந்தது. கடிக்குப் பக்கத்தில் இருந்த எழுத்து மங்கவில்லை; பாதியில் கத்தி வைத்தாற்போல நின்றது. கடியின் உட்சுவரில் ஒரே திசையில் சன்னமான கோடுகள், அடி விளிம்பில் மயிரிழை அளவு பிசிறு. அரைவட்ட அரத்தின் தடம் எனக்குத் தெரியாதா? சொல்ல மனசே வரவில்லை, ஆனாலும் சொன்னேன். விற்றவரின் எண் அதற்குள் அணைந்துவிட்டது.

எடை போட்டால் தெரிந்துவிடும் என்பார்கள். நிஜக் கடியிலும் எடை குறையத்தானே செய்யும்? பார்க்க வேண்டியது, எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதை. காசு அச்சான பிறகு எதைச் செய்தாலும், அது அச்சுக்கு மேலேதான் விழும்.

சேகரிப்பவர்கள் 'லக்கி' என்று சொல்லும் காசும் அப்படித்தான். அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வில்லையில் ஒரு பக்கம் வழக்கம்போல விழும். மறுபக்கம் அதே உருவம் கண்ணாடியில் பார்ப்பதுபோல, பள்ளமாக விழும். இதைப் போலி செய்கிறவர்கள் இரண்டு காசுகளை வைஸில் வைத்து இறுக்குகிறார்கள். பழைய உருவத்தின் மிச்சம் அடியில் தெரியும், பின்பக்கமும் நசுங்கியிருக்கும். நிஜ லக்கியில் பின்பக்கம் கூர்மையாகவே இருக்கும்.

இரண்டு பக்கமும் தலை உள்ள காசு பெரும்பாலும் லேத் வேலை. ஒன்றைக் குடைந்து இன்னொன்றை உள்ளே பொருத்தியிருப்பார்கள். ஓரத்தின் உள்பக்கமாக இணைப்புக் கோடு ஓடும், தரையில் போட்டால் சத்தம் மந்தமாகக் கேட்கும். 'பித்தளையில் அடித்த ஒரு ரூபாய்' என்று வருவதில் காந்தம் ஒட்டினால், அது முலாம் பூசிய எஃகுக் காசு. இன்னொன்று, வருடத்துக்குக் கீழே, எந்த நாணயச் சாலையில் அடித்தது என்று காட்டும் குறி இல்லாத காசைப் பிழை என்று விற்கிறார்கள். ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி உண்டு. கொல்கத்தா காசுக்குக் குறியே கிடையாது. அது சாதாரணக் காசு, அவ்வளவுதான்.

2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் வெட்டுவதையும் அராவுவதையும் நாணயத்தைச் சிதைப்பதாகவே சொல்கிறது. பழைய காசு விற்பனைக்கு ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி யாராவது கமிஷன் கேட்டால் நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியும் 2021இல் அறிவித்தது. இவை கல்லூரிப் பிள்ளைகளின் காதில் விழவே இல்லை.

அடுத்த முறை விலைப் பட்டியல் போடும்போது, நிஜக் கடியையும் அரம் போட்ட கடியையும் பக்கத்தில் பக்கத்தில் பெரிதாகப் படம் போடுங்கள். நிஜக் கடி உள்ள காசு ஒன்று என்னிடம் இருக்கிறது. தன் ஐந்து ரூபாயையும் தருவதாகப் பையன் சொல்லியிருக்கிறான். உங்கள் புகைப்படக்காரர் எந்த நாள் வந்தாலும் இரண்டையும் எடுத்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
கணபதி, கோவை.