ஷீட் மெஷின் கொடுத்த ஆயாவுக்கும் மற்றவர்களுக்கும்

சுங்கை சிப்புட் மக்களுக்கு வணக்கம்.

வியாழக்கிழமை இரவு காகிதமெல்லாம் நனைந்து முகாமே நிற்க இருந்தது ஊருக்கே தெரியும். அதை இங்கே விரிவாக எழுதப்போவதில்லை. பல்கலைக்கழகம் திறக்குமுன் நடந்த இந்தப் பத்து நாள் கலை முகாம் மூன்றாம் நாளே மூட்டை கட்டியிருக்க வேண்டியது. கட்டவில்லை. 24 மாணவர்களும் நேற்று மாலைதான் பஸ் ஏறினார்கள், ஆளுக்கு ஒரு கட்டு காய்ந்த அச்சுப்படத்தோடு. நகக்கண்ணில் மை காய்வதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி, அச்சடிக்க ரப்பர் ஷீட் மெஷின் தந்த, பழைய தோட்டத்து லயத்துப் பக்கம் குடியிருக்கும் ஆயாவுக்கு. "பேரெல்லாம் போட வேணாம், மெஷின தொடச்சி வச்சாப் போதும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் இங்கே ஆயா என்றுதான் எழுதமுடியும்.

இரவல் அச்சு பிரஸ் இல்லை என்று ஆனபின் மிஞ்சியது மரக்கரண்டி. செதுக்கிய லினோவில் (லினோலியத் தகட்டில்) மை பூசி, மேலே காகிதத்தை வைத்து, சோற்றுக் கரண்டியின் முதுகால் தேய்ப்பது. பழைய முறைதான், நல்ல முறையும்கூட. ஆனால் A4 அளவு ஒரு படம் கறுப்பு சீராக விழ ஏறக்குறைய பத்து நிமிடம் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு மாணவரும் 26 பிரதி எடுப்பதாக ஏற்பாடு: 24 பேருக்கும் ஒவ்வொன்று, தங்க இடம் தந்த தமிழ்ப்பள்ளிக்கு ஒன்று, சேகரிப்புக்கு ஒன்று. மொத்தம் 624. கரண்டியால் என்றால் 104 மணி நேர வேலை. பத்தாவது படத்தில் மணிக்கட்டு வலிக்கும், பதினைந்தாவதில் கை தளர்ந்து படம் சாம்பல் பூத்துவிடும்.

ஆயா வந்தது அடுக்குச் சட்டியைத் திரும்ப எடுத்துப் போக. பிள்ளைகள் தேய்ப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "என்னாப்பா கரண்டிய வச்சி இந்தத் தேய் தேய்க்கிறீங்க? எங்க வூட்டுப் பின்னால ஷீட் மெஷின் சும்மாதான் கெடக்கு, தூக்கிட்டு வாங்க."

தோட்டத்தில் வளராத பிள்ளைகளுக்காகச் சொல்ல வேண்டும்: பால்மரத்துப் பாலில் தண்ணீர் கலந்து, பார்மிக் ஆசிட் விட்டு, தட்டில் உறைய வைப்பார்கள். உறைந்த கட்டியை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே பலமுறை விட்டு மெலிதாக்குவார்கள். கடைசியாக வரி போட்ட உருளையில் விட்டு, புகைவீட்டில் தொங்கவிட்டால் ரப்பர் ஷீட். இப்போது சிறுதோட்டக்காரர்கள் பெரும்பாலும் மரத்தில் பால் பிடிக்கும் மங்கிலேயே உறைந்த கட்டியை அப்படியே விற்றுவிடுகிறார்கள். மற்ற இடமெல்லாம் செம்பனை. ஆகவே மெஷின்கள் வீட்டுப் பின்புறம் கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கின்றன. 1877இல் பக்கத்துக் கோலகங்சாரில் முதல் கன்றுகளை நட்டுத் தொடங்கிய தொழிலின் கடைசிச் சாமான்கள் இவை.

வரி போட்ட மெஷின் அச்சுக்கு உதவாது. வழுவழு உருளை உள்ளதுதான் வேண்டும். ஆயா வீட்டில் இருந்தது அதுதான்: இரண்டடி நீள உருளை, பக்கத்தில் பல்சக்கரம், கைப்பிடி, மேலே இரண்டு பக்கமும் ஒவ்வொரு திருகு. கைப்பிடியையும் பெரிய சக்கரத்தையும் கழற்றிய பிறகும் ஆறு பேர் தூக்க வேண்டியிருந்தது. துருவை மண்ணெண்ணெய் தொட்ட மெல்லிய மணல்தாளால் தேய்த்தார்கள். உருளை முகத்தில் கம்பி பிரஷ் போட்டால் கீறல் விழும். ஆசிட் தண்ணீர் தின்ற சிறு குழிகள் நிறைய இருந்தன. நடுவில் கம்பளி வருவதால் அவை படத்தில் தெரியாது.

சிக்கல் வேறு இடத்தில். ஷீட் மெஷின் மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிப்புக்காகச் செய்தது. உருளைகளை அதிகம் விலக்கினால் பல்சக்கரங்களும் விலகி, பல்லின் நுனி மட்டும் கவ்வும். அழுத்தம் ஏறும்போது பல் தாவும். தாவிய இடத்தில் படத்தின் குறுக்கே ஒரு பட்டை விழும். முதலில் 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை வைத்துச் செய்து பார்த்ததில் இதுதான் ஆனது. பிறகு மூன்று மில்லிமீட்டர் ஹார்ட்போர்டு, அதன் மேல் பலகையில் ஒட்டாத வெறும் லினோ, காகிதம், ஒரே மடிப்புக் கம்பளி. லினோ 3.2 மில்லிமீட்டர். மொத்தம் ஒன்பது பத்துக்குள் அடங்கியது, பல்லும் நன்றாகக் கவ்வியது.

கம்பளிக்குப் பதில் ரப்பர் ஷீட்டையே போட்டால் என்ன என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி, போட்டும் பார்த்தாயிற்று. ரப்பர் அமுங்காது, முன்னே பிதுங்கும். பிதுங்கும்போது காகிதத்தையும் இழுக்கும், கோடெல்லாம் இரட்டையாக விழும்.

இங்கேதான் ஆயா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு திருகையும் ஒரே அளவு இறுக்குவது புத்தகத்தில் இருக்கிறது. கையில் வருவது வேறு. மேலோட்டமாகப் பார்த்தால் சமமாகத்தான் தெரியும். ஆயாவின் கணக்கு எளிது: முதலில் இரண்டு பக்கமும் முழுக்கத் தளர்த்து. பிறகு இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று. ஒரே பக்கம் அரைச் சுற்று போடவே கூடாது. "ஷீட்டு கோணிக்கிட்டு எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம் லூசு" என்றார். இறுகிய பக்கம் அதிகம் நசுங்கி நீள்வதால் ஷீட் தளர்ந்த பக்கமாக வளையும். அச்சில் ஷீட் இல்லை, அடையாளம் மையில் தெரியும்: ஒரு ஓரம் கருகி, மறு ஓரம் வெளுத்திருக்கும். சரிபார்க்க உருளையின் இரண்டு முனையிலும் விரலகல நாளிதழ்த் துண்டைச் சொருகி இழுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இழுக்க வேண்டும். ஆயா துண்டு சொருகவில்லை. கைப்பிடியைக் கால் சுற்று சுற்றியே சொல்லிவிட்டார்.

இனி வேறு ஊரில் யாராவது முயன்றால் இந்த மூன்றைக் கவனியுங்கள். லினோவின் இரு புறமும் அதே தடிப்பில் லினோப் பட்டை ஒட்டுங்கள். இல்லையென்றால் உருளை விளிம்பில் ஏறி இறங்கும்போது லினோ நகர்ந்து காகிதம் கிழியும். ஹார்ட்போர்டு லினோவைவிட முன்னும் பின்னும் அரையடியாவது நீண்டிருக்கட்டும், முன் நுனியை உருளை கவ்விய பிறகே மை பூசிக் காகிதம் வையுங்கள். மெஷினின் இரண்டு பக்கமும் கீழ் உருளையின் மட்டத்துக்கு மேசை வேண்டும். வெளியே வரும் பலகை தொங்கினால் படம் கடைசி நேரத்தில் இழுபட்டுப் போகும்.

இப்படி ஒழுங்கு செய்த பிறகு மை பூசுவது முதல் தொங்கவிடுவது வரை ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம். 624 படமும் மூன்று நாளில், நாளுக்கு ஏழு மணி நேரத்தில் முடிந்தன. மூன்று நாளும் ஆயா காலையில் பசியாறிவிட்டு நேரே வந்தார். கூலி பற்றிப் பேச்செடுத்தபோது, முறைத்தார். அத்தோடு விட்டுவிட்டோம்.

மற்றவர்களையும் விட்டுவிட முடியாது. இஸ்திரி மேசையில் விரித்திருந்த அசல் கம்பளியை உருவிக் கொடுத்த தையல்கடை அக்கா. நனைந்துபோன காகிதத்துக்குப் பதில் வெட்டுக்கூலி வாங்காமல் காகிதம் வெட்டித் தந்த ஈப்போ அச்சகத்து அண்ணன். மண்டபத்தைக் கூட்டிக் கழுவித் தந்த கோயில் இளைஞர்கள். மின்விசிறியும் ஒயரும் தந்த சீனக் கடை முதலாளி தவுக்கே. பக்கத்துக் கம்போங்கிலிருந்து (மலாய்க் கிராமத்திலிருந்து) இரண்டு வேளை நாசி லெமாக் அனுப்பிய மாக்சிக்கள், அதாவது மலாய் அத்தைமார். சமையல்கட்டில் இருந்த அண்ணி. அண்ணிக்குத் தனியாக ஒரு வரி: பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடிகட்டித் தந்தது அவர்தான். எண்ணெய் மையைக் கழுவத் தின்னர் தேவையில்லை. முதலில் செம்பனை எண்ணெய், பிறகு சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான். வடிகட்டாத எண்ணெயில் மீன் துகள் இருக்கும், அது ரோலரில் ஒட்டும்.

மாணவர்களுக்கும் நன்றி, கொஞ்சம் திட்டும். லினோவில் தமிழ் எழுதும்போது திருப்பி எழுத வேண்டும் என்று மூன்று முறை சொல்லியாயிற்று. எழுத்தைத் திருப்பியவர்களில் சிலர் கொம்பை மறந்துவிட்டார்கள். 'தோட்டம்' என்பதில் இரட்டைக்கொம்பு பின்னால் போய் நின்றது. மெல்லிய தாளில் எழுதிக் கவிழ்த்துத் தேய்த்து நகல் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. மெய்யெழுத்துப் புள்ளி மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பத்துப் பிரதிக்குள் பெயர்ந்து போகும், 'ம்' எல்லாம் 'ம' ஆகிவிடும். வெட்டுமுன் லினோவை வெயிலில் பத்து நிமிடம் வைத்தால் உளி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். மழை நாளில் அண்ணியின் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாலும் சரி, மேலே மட்டும் வேண்டாம்.

அடுத்த ஆண்டு முகாமுக்குப் பிரஸ் இரவல் கேட்டு எந்த ஊருக்கும் கடிதம் போகாது. சாமான் பட்டியலின் முதல் வரியில் ஷீட் மெஷின் என்று எழுதியாயிற்று. அதற்குமுன், இதே ஊரில் இன்னும் எத்தனை வீட்டுப் பின்புறத்தில் வழுவழு உருளை கிடக்கிறது என்று போய்ப் பார்க்க இரண்டு மாணவர்கள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். இரும்புக் கடைக்குப் போடும் எண்ணம் இருப்பவர்கள் தயவுசெய்து ஒரு வாரம் பொறுங்கள்.

ஆயாவின் மெஷின் இன்று காலை அதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உருளையைத் துடைத்து மெல்லிய எண்ணெய், பல்சக்கரத்துக்குக் கிரீஸ், உருளை சுழலும் புஷ்ஷில் நான்கு சொட்டு எண்ணெய், இரண்டு திருகும் தளர்த்தி, மேலே கோணி. ஆயா கோணியைத் தூக்கி விரலால் உருளையைத் தடவிப் பார்த்தார். அடியில் ஓர் ஓரத்தில் மை இருந்தது. திரும்ப ஒருமுறை துடைக்கச் சொன்னார். துடைத்தாயிற்று.

ஏழு மாணவர்களின் படங்கள் இன்னும் மண்டபத்துக் கொடியில் தொங்குகின்றன. ஈரக்காற்றில் எண்ணெய் மை காய ஐந்து நாளாவது ஆகும். சனிக்கிழமைக்குப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமுன் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும்.

— முகாம் ஏற்பாட்டுக் குழு