பணம் எங்கிருந்து வந்தது என்று ஏன் கேட்கிறோம்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களே,

இரண்டு வாரமாக லண்டனில் ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பியிருந்தீர்கள். "எங்கட ஆள் எண்டு நம்பிப் போனம். கள்ளனை விசாரிக்கிற மாதிரி விசாரிச்சினம். கடைசியில வீடும் போச்சு" என்று ஒருவர் அதில் சொல்கிறார். எங்கள் அலுவலகத்தின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் பேக்கரிக்கு மேலே இருக்கிற லோயர் அக்கா என்றால் யார் என்று இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் குடும்பத்தின் கோப்பைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேச முடியாது. வாடிக்கையாளரின் விடயத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. கோபித்துக்கொண்டு போனவருக்கும் அது பொருந்தும். ஆகவே பொதுவாகத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது இதையே கேட்டால், அவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

தாமதம் என்றார்கள், சரி. தொலைபேசியை எடுப்பதில்லை என்றார்கள், அதிலும் உண்மை உண்டு. "கள்ளன்" என்ற அந்த ஒரு சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. வீட்டுக் காசு எங்கிருந்து வந்தது என்று நாங்கள் எல்லோரிடமும்தான் கேட்கிறோம், அது கள்ளனிடம் கேட்கும் கேள்வி இல்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு குடும்பம் 450,000 பவுண்ஸுக்கு வீடு பார்க்கிறது. முற்பணம் 45,000. அதில் 20,000 சம்பளத்தில் மிச்சம் பிடித்தது. 12,000 சீட்டுக் காசு. 8,000 கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பியது. 5,000 நகை விற்றது. இதில் எந்தக் காசும் கெட்ட காசு இல்லை. நம்முடைய சனம் இந்த நாட்டில் வீடு வாங்கியதே இப்படித்தான். என் அப்பாவும் அம்மாவும் 1991இல் சீட்டு எடுத்துத்தான் முதல் வீட்டுக்கு முற்பணம் கட்டினார்கள். எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் "எனக்குத் தெரியும்" என்பதைக் கோப்பில் வைக்க முடியாது. கோப்பில் தாள் வேண்டும்.

கெட்ட வழியில் வந்த காசை நல்ல காசாக மாற்றுவதைத் தடுக்கும் 2017ஆம் ஆண்டின் பணச் சலவைத் தடுப்பு விதிகள், வீடு வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் பொறுப்பை என்னைப் போன்ற சொலிசிட்டர் தலையில் வைத்திருக்கின்றன. நம்மவரா வெள்ளைக்காரரா என்று அதில் வேறுபாடு இல்லை. எங்களைக் கண்காணிக்கும் எஸ்ஆர்ஏ என்ற சொலிசிட்டர் ஒழுங்குமுறை ஆணையம் வந்து கோப்பைத் திறந்து பார்க்கும்போது அந்தத் தாள் இல்லையென்றால் தண்டம் எனக்கு, அதற்கும் மேலே போனால் என் அனுமதிப்பத்திரத்துக்கே ஆபத்து. சம்பளச் சேமிப்புக்கு ஆறு மாத வங்கி அறிக்கை பொதுவாகப் போதும். அண்ணாவின் காசுக்கு, அது திருப்பிக் கேட்காத அன்பளிப்பு, வீட்டில் தனக்குப் பங்கு இல்லை என்று அவர் எழுதிய கடிதம் வேண்டும். அவருடைய அடையாள ஆவணமும் அவர் கணக்கில் அந்தக் காசு இருந்ததற்கான அறிக்கையும் வேண்டும். மோட்கேஜ், அதாவது வீட்டுக் கடன் தரும் வங்கிக்கும் அதை நாங்கள் அறிவித்தாக வேண்டும். நகைக்குக் கடை ரசீது. சிக்கல் சீட்டுக் காசில்தான். மாதாமாதம் உங்கள் கணக்கிலிருந்து சீட்டுப் பிடிப்பவருக்குக் காசு போனதும், மொத்தமாகத் திரும்பி வந்ததும் வங்கி அறிக்கையில் தெரிந்தால் பேசிச் சமாளிக்கலாம். கையில் வாங்கி, கையில் கொடுத்து, நேற்றுத்தான் வங்கியில் போட்டது என்றால் என்னால் எதுவும் செய்ய முடியாது. வேறு யாரும் செய்து தருகிறேன் என்றால், அவரிடம் வீட்டுக் காசைக் கொடுக்க நான் பயப்படுவேன்.

அடுத்தது, "ஊர் வீட்டை இவை ஏன் கேட்கினம்?" என்ற கோபம். காசு விடயத்தில் உங்களை நான் காப்பாற்றுவதே இந்தக் கேள்வியில்தான், ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

இங்கிலாந்தில் முதல் வீடு வாங்குவோருக்கு ஸ்டாம்ப் டியூட்டியில், அதாவது வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரியில், சலுகை இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் 300,000 வரை வரி இல்லை, அதற்கு மேல் 500,000 வரை 5 வீதம். மேலே சொன்ன வீட்டுக்கு 7,500 பவுண்ஸ். ஆனால் "முதல் வீடு" என்றால் உலகத்திலேயே முதல் வீடு. இருவர் பெயரில் வாங்கினால் இருவருக்குமே அது முதல் வீடாக இருக்க வேண்டும். மனைவியின் பெயரில் யாழ்ப்பாணத்தில் சீதனமாக எழுதிய வீடு ஒன்று முன்பு இருந்திருந்தாலும் சலுகை போய்விடும். வரி 12,500 ஆகும். அந்த வீடு இன்னும் அவர் பெயரில் இருந்து, அதன் பெறுமதி 40,000 பவுண்ஸ் அல்லது அதற்கு மேல் என்றால், இங்கே வாங்குவது இரண்டாவது வீடாகிவிடும். 2024 அக்டோபர் 31 முதல் அதற்கான மேலதிக வரி முழு விலைக்கும் 5 வீதம். மொத்தம் 35,000 பவுண்ஸ். வெறும் காணி என்றால் பயமில்லை. அதில் வீடு இருந்தால்தான். "அது அம்மா எழுதி வைத்தது, நாங்கள் அதில் இருந்ததே இல்லை" என்று பலர் சொல்கிறார்கள். வரித் திணைக்களம் அப்படிப் பார்ப்பதில்லை. வீட்டு உறுதிப் பத்திரம் யார் பெயரில் என்றுதான் பார்க்கும். சொல்லாமல் விட்டுப் பின்னால் பிடிபட்டால் வரியோடு வட்டியும் தண்டமும் சேர்ந்து வரும். அன்று உங்கள் வீட்டு வாசலில் நான் நிற்க மாட்டேன், நீங்கள்தான் நிற்க வேண்டும். அதனால்தான் முதல் நாளே கேட்கிறேன்.

வீடு கைநழுவிப் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சியோடு கையெழுத்து வைத்தால் காரியம் முடிந்தது என்ற நினைப்பு நம் மூத்தவர்களுக்கு இன்னும் இருக்கிறது. இங்கே விற்பவர் விலைக்குச் சம்மதித்தாலும் எக்ஸ்சேஞ்ச், அதாவது இரு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்வது, ஆகும்வரை யாரையும் எதுவும் கட்டுப்படுத்தாது. இடையில் வேறொருவர் ஐயாயிரம் கூடத் தந்தால் விற்பவர் போய்விடலாம். அது பெரிய அநியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் அதைத் தடுக்கும் அதிகாரம் எந்த சொலிசிட்டருக்கும் இல்லை. எங்களால் முடிந்தது எக்ஸ்சேஞ்ச் நாளை முன்னால் கொண்டுவருவது மட்டுமே. வீட்டில் ஏதும் சிக்கல் உண்டா என்று விசாரிக்கும் கவுன்சில் தேடல், தண்ணீர் வடிகால் தேடல், சுற்றாடல் தேடல், லீஸ்ஹோல்ட் (நிலம் வேறொருவருடையது, நீண்டகாலக் குத்தகை) மாடிவீடு என்றால் நிர்வாகக் கம்பனியின் ஆவணக்கட்டு என்று பலரிடம் கைநீட்டிக் காத்திருக்கிறோம். பின்பக்கம் இறக்கிய அறைக்குக் கவுன்சில் அனுமதி உண்டா என்று கேட்டு எழுதினால், பதில் வர ஒரு மாதம் ஆவதும் உண்டு. இந்த வசந்தகாலத்தில் சில கோப்புகளில் எங்கள் பக்கமும் இரண்டு மூன்று வாரம் பிந்தியது. அதற்கு வருந்துகிறேன்.

நீங்கள் எல்லோரும் "தம்பி" என்று கூப்பிடும் நம்முடைய உதவியாளர் மார்ச்சில் பெரிய நிறுவனம் ஒன்றுக்குப் போய்விட்டார். ஏழு வருடம் உங்கள் அழைப்புகளை எடுத்தது அவர்தான். அவர் நல்லா இருக்க வேண்டும். அவருடைய இடத்துக்கு ஒருவரை எடுத்துப் பழக்கிக்கொண்டிருக்கிறேன், அதுவரை பகல் இரண்டு மணிக்குப் பிறகு அழைத்தால் நானே எடுப்பேன். தொழிற் காப்புறுதிச் செலவும் ஏறியிருப்பதால், அடுத்த மாதம் முதல் திறக்கும் கோப்புகளுக்கு ஃப்ரீஹோல்ட் (நிலமும் சொந்தமான) வீட்டுக் கட்டணம் 950இலிருந்து 1,250 பவுண்ஸ், வற் வரி தனி. சனிக்கிழமை முன்பதிவோடு மட்டும்.

வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட் காட்டும் சொலிசிட்டரிடம் போகலாமா என்றும் கேட்கிறீர்கள். தாராளமாகப் போகலாம், நான் கோபிக்க மாட்டேன். உங்களை அனுப்பியதற்கு ஏஜென்டுக்குக் காசு போகிறதா என்று மட்டும் கேளுங்கள்; அதை அவர்கள் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். கடன் தரும் உங்கள் வங்கி ஏற்றுக்கொள்ளும் சொலிசிட்டர்கள் பட்டியலில் அவர் இருக்கிறாரா, சொன்ன விலையில் தேடல்களும் காணிப் பதிவும் அடங்குமா என்றும் கேளுங்கள்.

குரல்பதிவு வந்த அன்று மாலையே ஒரு அம்மா படியேறி வந்தார். 2012இல் அவருக்கு வீடு முடித்துக் கொடுத்தோம். இப்போது மகனுக்குப் பார்க்கிறார். ஒன்றும் பேசவில்லை. வங்கி அறிக்கைகளையும், கொப்பியில் எழுதிய சீட்டுக் கணக்கையும், அளவெட்டி வீட்டு உறுதியின் பிரதியையும் மேசையில் வைத்துவிட்டு, "எல்லாம் இருக்கோ பாருங்கோ அக்கா" என்றார். அவருக்கும், அவரைப் போல இத்தனை வருடம் பிள்ளைகளையும் மச்சான்மாரையும் எங்களிடம் அனுப்பிவைத்த உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்களால்தான் இந்த அலுவலகம் இன்னும் திறந்திருக்கிறது.

இப்போது வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் விலை பேசுவதற்கு முன்னாலேயே வாருங்கள். ஆறு மாத வங்கி அறிக்கை, காசு தருபவர்களின் விபரம், ஊரில் உங்கள் பெயரிலோ கணவன் மனைவி பெயரிலோ இருக்கும் உறுதிகள், இவ்வளவும் கையில் இருந்தால் முதல் இரண்டு மாத அலைச்சல் குறையும். அப்புறம் ஒன்று: எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால் நம்பாதீர்கள். காசு அனுப்புமுன் அலுவலக இலக்கத்துக்கு அழைத்து, என் குரலைக் கேட்ட பிறகே அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் லோயர் அக்கா