எல்லைக்குள் நிறுத்தப்பட்ட எதிர்ப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரஷ்ய நாடாளுமன்றத்தில் இரண்டாவது பெரிய கட்சியாகக் கம்யூனிஸ்ட் கட்சி இருப்பதையே அங்கு எதிர்ப்பு அரசியல் உயிரோடிருப்பதற்குச் சான்றாகக் காட்டித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் நூற்பு எந்திரம் பார்க்கும் சைடராக வேலை பார்த்து, செங்கொடிச் சங்கத்துக்குக் கடைசி மாதம் வரை சந்தா கட்டிய எனக்கு அந்த முடிவு ஏற்புடையதாக இல்லை.

எங்கள் மில்லில் நிர்வாகத்துக்கு வேண்டிய சங்கம் ஒன்றும் இருந்தது. கேண்டீன் சாப்பாட்டுக்கும் பஞ்சப்படிக்கும் அது வாயிற்கூட்டம் போடும். சிலவற்றை வாங்கியும் கொடுத்தது, அதை மறுக்க மாட்டேன். ஆட்குறைப்பு ஒப்பந்தம் மேசைக்கு வந்த அன்று முதல் கையெழுத்துப் போட்டதும் அந்தச் சங்கம்தான்.

ஜுகானோவ் தலைமையிலான ரஷ்யக் கம்யூனிஸ்ட் கட்சி தொடக்கத்தில் அப்படி இருக்கவில்லை. 1996 அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் அப்போதைய அதிபர் யெல்ட்சின் 35 விழுக்காடும் ஜுகானோவ் 32 விழுக்காடும் பெற்றபோது, ஆட்சியைப் பிடிக்கக்கூடிய கட்சியாகவே அது நின்றது. புதின் காலத்தில்தான் அதற்கென்று ஓர் எல்லை வகுக்கப்பட்டது. ஆண்களின் ஓய்வூதிய வயதை 60இலிருந்து 65ஆக உயர்த்தும் சட்டத்தை 2018இல் அக்கட்சி எதிர்த்து வாக்களித்ததும், தெருவில் இறங்கியதும் உண்மை. ஆனால் 2022 பிப்ரவரியில், உக்ரைனிலிருந்து பிரிந்த இரு பகுதிகளைத் தனி நாடுகளாக அங்கீகரிக்குமாறு அதிபரைக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்ததே கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள்தாம். அது நிறைவேறிய ஒன்பதாம் நாள் போர் தொடங்கியது. வயிற்றுப்பாட்டுக்குக் குரல் கொடுத்துவிட்டு, உயிர்போகும் இடத்தில் அதிகாரத்தோடு கைகோத்த அந்தச் செயலை, செங்கொடியை மதிக்கும் எவராலும் எளிதில் செரித்துக்கொள்ள முடியாது.

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் கட்டுரையாளர் சொல்லியிருக்க வேண்டும். 2021 தேர்தலில் அக்கட்சி ஏறத்தாழ 19 விழுக்காடு வாக்குகளும் 57 இடங்களும் பெற்றது. கம்யூனிஸ்டுகளல்லாத பலரும் ஆட்சிக்கு எதிரான வாக்காகவே அதற்கு வாக்களித்தார்கள். மாஸ்கோவில் வாக்குச்சீட்டு எண்ணிக்கையில் முன்னிலையில் இருந்த அதன் வேட்பாளர்கள், மின்னணு வாக்குகள் சேர்க்கப்பட்டதும் பின்தங்கித் தோற்றதாக அறிவிக்கப்பட்டனர். 2024 அதிபர் தேர்தலில் அதன் வேட்பாளருக்குக் கிடைத்ததோ 4.3 விழுக்காடுதான். முன்னாள் சோவியத் குடியரசான மால்டோவாவில் இதற்கு மாறாக, 2001இல் 101 இடங்களில் 71ஐ வென்ற கம்யூனிஸ்டுகள் ஆட்சி நடத்தினார்கள். 2009இல் பெரும்பான்மை இழந்து ஆட்சியை விட்டு இறங்கினார்கள். வெல்லவும் தோற்கவும் வழியிருக்கும் இடத்தில்தான் எதிர்க்கட்சி என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

பளபளப்பான 'சோவியத் நாடு' இதழின் தாளில் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு வளர்ந்தவன் என்பதால் இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். தலைமையின் போக்கையும் மீறிப் போரை வெளிப்படையாக எதிர்த்துப் பேசிய கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிலர் அதே நாடாளுமன்றத்தில் இருந்தார்கள். அவர்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளி,
சிங்காநல்லூர், கோவை.