செயலாளரின் ஆண்டறிக்கை: தூண்டில்காரர்களும் சேலத்து ஏரிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். தூண்டில் போட்டு மகிழவும், மீன் வாழும் நீரைக் காக்கவும் ஒன்றுகூடிய நமது சங்கத்தின் சென்ற ஆண்டுப் பணிகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார்.

சேர்வராயன் மலையில் பிறந்து வரும் திருமணிமுத்தாறு, நகருக்குள் நுழைந்ததும் கழிவுநீரும் சாயக்கழிவும் கலந்து, தூண்டில் போடத் தகுதியற்றதாகிவிடுகிறது. ஆகவே மலையடிவார ஏரிகளே நமக்கு மிஞ்சியுள்ளன. அவற்றுள், 2010ஆம் ஆண்டில் பொதுமக்களின் முயற்சியால் சீரமைக்கப்பட்டு, நடுவே மண் திட்டுகள் எழுப்பி மரம் நடப்பட்ட கன்னங்குறிச்சி மூக்கனேரியில்தான் இவ்வாண்டும் நமது பணி பெரும்பாலும் நடைபெற்றது. கரையில் கிடந்த பிளாஸ்டிக், தெர்மாகோல் ஆகியவற்றோடு, நம்மைப் போன்றோர் அறுத்து எறிந்த தங்கூசி நரம்பையும் (நைலான் தூண்டில் இழை) ஏராளமாகப் பொறுக்கினோம். இந்த நரம்பு எளிதில் மக்காது. திட்டுகளில் அடையும் நீர்க்காகம், கொக்கு போன்றவற்றின் காலிலும் இறகிலும் சிக்கினால் அவை பறக்க முடியாமல் பட்டினியால் சாகும். அறுந்த நரம்பைப் போட்டுவைக்கக் கரையோரம் குழாய்ப் பெட்டிகள் பொருத்தியுள்ளோம். உறுப்பினர்கள் தவறாமல் பயன்படுத்த வேண்டுகிறேன்.

ஏற்காடு ஏரிக்கரையிலும் ஒருமுறை தூய்மைப் பணி செய்தோம். அந்த ஏரி நிரம்பி வழியும் நீரே கிளியூர் அருவியில் விழுகிறது என்பதால், மேலே எறியப்படும் பாட்டில் கீழே உள்ள ஓடை வரை செல்லும்.

விடியற்காலைக் கண்காணிப்பு இவ்வாண்டு நாம் புதிதாகத் தொடங்கிய பணி. இரவில் பாசியும் நீர்ச்செடியும் ஆக்சிஜனை வெளிவிடாமல் உள்வாங்க மட்டுமே செய்வதால், பொழுது விடியும் வேளையில்தான் ஏரி நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். கழிவு கலந்த நீரில் அந்நேரம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறுவதைக் காணலாம். அந்த நேரத்தில் கரையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தூண்டில்காரர்களே. நாம் கண்டதைத் தேதியிட்டு எழுதி, குத்தகைதாரருக்கும் உரிய துறைக்கும் அன்றே தெரிவித்தால், கூட்டமாக மீன் செத்து மிதக்கும் முன் நடவடிக்கைக்கு வழி உண்டு. இப்பணிக்கு இன்னும் பலர் முன்வர வேண்டும்.

அயல் மீன்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீன் (திலாப்பியா), குஞ்சை வாயிலேயே காத்து ஆண்டில் பலமுறை பெருகுவதால், நமது கெண்டைகளுக்கு இடமும் இரையும் குறைகின்றன. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. வீட்டுத் தொட்டியில் வளர்ந்துவிட்ட கண்ணாடி துடைக்கும் மீனை இரக்கப்பட்டு ஏரியில் விடுவோரும் உண்டு. அது கரையைத் துளைத்துப் பொந்து அமைக்கும் மீன். இம்மூன்றில் எது தூண்டிலில் சிக்கினாலும் மீண்டும் நீரில் விடக் கூடாது என்பது செயற்குழுவின் முடிவு.

இனி, விராலைப் பற்றி. பெரும்பாலும் மழைக்காலத்தில் முட்டையிடும் விரால், செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தின் அடியிலேயே நின்று காவல் காக்கும். குஞ்சுகள் மூச்சுவிட மேலே வரும் இடத்தைப் பார்த்துத் தவளை இரையை வீசினால், தாயோ தந்தையோ பசிக்காக அன்றிக் குஞ்சைக் காக்கவே பாய்ந்து கவ்வும். அது எளிதில் கிடைக்கும் பெரிய மீன்தான்; ஆனால் காவல் போனபின் அந்தக் குஞ்சுகளைப் பிற மீன்கள் தின்று தீர்த்துவிடுகின்றன. இதனைத் திறமை என்று கொண்டாடும் வழக்கத்தை நமது சங்கம் கைவிட வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன். ஆகவே, குஞ்சோடு இருக்கும் விராலைக் குறிவைப்பதில்லை என்றும், தவறிச் சிக்கினால் கையை நனைத்துக்கொண்டு தூண்டில் முள்ளை எடுத்து அதே இடத்தில் விட்டுவிடுவது என்றும் ஒரு விதியைச் சேர்க்கும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீண்டிருக்கும் சிறு எதிர்முனையை முன்னதாகவே இடுக்கியால் அமுக்கிவைத்தால் இது எளிதாகும்.

வரும் ஆண்டில், ஒரு காலத்தில் சேலத்துக்குக் குடிநீர் தந்து, பின்னர் சீமைக்கருவேலம் மண்டிப்போன பனமரத்துப்பட்டி ஏரியைப் பார்வையிட்டு, அங்குள்ள நாட்டு மீன் வகைகளைக் குறித்துவைக்கத் திட்டமிட்டுள்ளோம். இடம் கொடுத்து ஒத்துழைத்த குத்தகை மீனவர்களுக்கும், கரைப்பணிக்கு வந்த மாணவர்களுக்கும் நன்றி. அறிக்கையை ஏற்று, விரால் குறித்த தீர்மானத்தை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.